பங்குனி ஆமைக்குத் துணை நிற்க: கடற்கரைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தை பிறந்தால் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி எனப்படும் கடலாமைகள்) முட்டையிட ஏறத் தொடங்கும். அதே நாட்களில், செத்து ஒதுங்கிய ஆமைகளின் படங்களும் கைபேசிகளில் சுற்ற ஆரம்பிக்கும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு மாவட்டக் கரைகளில் செத்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியபோது, அதுவரை ஆமையைப் பற்றி நினைத்தே பார்க்காதவர்கள்கூட "நாங்க என்ன செய்யணும், சொல்லுங்க" என்று கேட்டு வந்தார்கள். அப்படிக் கேட்பவர்களுக்காக எழுதியது இது. ஆமையை மையமாக வைத்துத்தான் சொல்கிறேன். ஓங்கிலுக்கும் (டால்பின்) கடற்பசுவுக்கும் பொருந்துவதை ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடல் உயிர்களுக்கு நாம் செய்யக்கூடிய உதவியில் பெரும்பங்கு, நம் கையையும் விளக்கையும் ஆர்வத்தையும் அடக்கிக்கொள்வதில் இருக்கிறது. தூக்கிக் கடலில் விடுவது, தண்ணீர் ஊற்றுவது, கிட்டே போய்ப் படம் எடுப்பது என்று நல்ல மனத்தோடு செய்கிற காரியங்களே கரையில் பல சமயம் கெடுதலாக முடிகின்றன. அதனால் எதைச் செய்யக் கூடாது, ஏன் கூடாது என்பதற்கும் இங்கே நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

ஆமையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது

வளர்ந்த பங்குனி ஆமையின் ஓடு இரண்டடிக்குச் சற்று மேல் இருக்கும்; எடை 35 முதல் 50 கிலோ. பெண் ஆமை இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் வாய் குறுகி அடி அகன்ற குழியை ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டும். அதில் நூறு, நூற்றிருபது முட்டைகள் இட்டு, மணலை மூடி, உடம்பால் தட்டிச் சமப்படுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. அதன் பிறகு அந்தக் குழியைத் திரும்பிப் பார்க்காது. 45 முதல் 60 நாட்களுக்குள் குஞ்சுகள் மணலைக் கிளறி வெளியே வரும். மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது: 30 டிகிரியைத் தாண்டும் மணலில் பெண் குஞ்சுகள் கூடும், அதைவிடக் குளிர்ந்த மணலில் ஆண் குஞ்சுகள் கூடும்.

ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருசிகுல்யாவிலும் இவை லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் ஏறும். நம் கரையில் அப்படி இல்லை. ஓர் இரவில் ஒன்றிரண்டு வரும், சில இரவுகளில் ஒன்றும் வராது. எங்கே ஏறும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது. நடந்து தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆயிரம் குஞ்சுகளில் ஒன்று பிழைத்துப் பெரிதானால் அதிகம் என்பார்கள். பிழைத்ததும் முட்டையிடும் வயதுக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். முட்டையோடு கரைக்கு வரும் ஒரு பெண் ஆமை வலையில் மூச்சடைத்துச் சாவதை ஈடுகட்ட எத்தனை குழிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். குஞ்சுகளைக் கடலில் விடும் படங்கள் மனதுக்கு இதமாக இருக்கும். ஆனால் கடலில் இருக்கும் பெரிய ஆமையைக் காப்பதுதான் முதல் வேலை.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடும் யானையோடும் கடலாமை இருக்கிறது. பிடித்தாலும், முட்டையை எடுத்தாலும், இறைச்சியோ ஓடோ வைத்திருந்தாலும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. நல்ல நோக்கத்தோடு முட்டையைத் தோண்டி எடுப்பதற்கும் நமக்கு அனுமதி கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

வீட்டு விளக்கிலிருந்து தொடங்குங்கள்

கடல் தெரியும் வீட்டில் இருப்பவர்கள் எங்கும் போக வேண்டியதில்லை. உங்கள் மொட்டைமாடியிலேயே வேலை இருக்கிறது. மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சமாகத் தெரியும் பக்கத்தை நோக்கி நடக்கும். இருட்டான கரையில் அது கடலின் பக்கம், வானத்தின் மங்கிய ஒளி நீரில் பட்டுத் தெரிவதால். இன்றைய சென்னையில் வெளிச்சம் ஊர்ப்பக்கம்தான். குஞ்சுகள் சாலைக்கு வருகின்றன, நாய்க்கும் நண்டுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் இரையாகின்றன, இல்லாவிட்டால் விடிந்த வெயிலில் காய்ந்து சாகின்றன. முட்டையிட வரும் தாய் ஆமையும் வெளிச்சத்தைப் பார்த்தால் பாதியிலேயே திரும்பிப் போய்விடுவதுண்டு.

ஜனவரியிலிருந்து மே வரை செய்ய வேண்டியது இது. கடலைப் பார்க்கும் வெளிவிளக்குகளை இரவில் அணையுங்கள். பாதுகாப்புக்காக ஒன்று எரிந்தே ஆக வேண்டுமென்றால், வெள்ளை பல்பைக் கழற்றிவிட்டு மங்கலான சிவப்போ ஆரஞ்சோ போட்டு, ஒளி தரையை மட்டும் பார்க்கும்படி மேலே தகரத்தால் ஒரு மறைப்பு வையுங்கள். அறை விளக்குக்குத் தடித்த திரை போதும். பிறகு இரவில் கடற்கரைக்கு இறங்கி, தண்ணீர் ஓரத்தில் நின்று உங்கள் வீட்டைத் திரும்பிப் பாருங்கள். பல்பு கண்ணில் பட்டால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

அடுக்குமாடி என்றால் சங்கத்தில் பேச வேண்டும். "அஞ்சு மாசம்தான், அதுவும் ராத்திரி மட்டும்தான்" என்று சொன்னால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். காவலாளிக்கும் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இருட்டாக இருக்கிறதே என்று அவரே போட்டுவிடுவார். கடற்கரை உயர்கோபுர விளக்குகள் மாநகராட்சி கையில் இருக்கின்றன. பருவத்தில் அவை அணையாமல் இருந்தால், கம்பத்தின் எண்ணைக் குறித்து, எத்தனை மணிக்கு எரிந்தது என்று எழுதிப் புகார் கொடுங்கள். "பீச்சில லைட் எரியுது" என்று மட்டும் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இரவு நடைக்கு வருவது

1970களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேக்கரும் சதீஷ் பாஸ்கரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் இந்தக் கரையில் இரவில் நடந்து முட்டைக் குழிகளைத் தேடினார்கள். 1988இல் கல்லூரி மாணவர்கள் அந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். எஸ்.எஸ்.டி.சி.என். (மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு) என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது: நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர். பருவத்தில் வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் அழைத்துப் போவது வழக்கம். ட்ரீ அறக்கட்டளை என்ற அமைப்பு, மீனவ இளைஞர்களையே பாதுகாவலர்களாகப் பயிற்றுவித்து வேலை செய்கிறது. இப்படி வனத்துறை அனுமதியோடு நடப்பவர்களுடன் மட்டும் போங்கள். நண்பர்களாகச் சேர்ந்து டார்ச்சோடு தனியாகக் கிளம்ப வேண்டாம்.

கிளம்பும் முன் சாப்பிட்டுவிடுங்கள். ஈர மணலில் ஏழு கிலோமீட்டர் என்பது சாலையில் நடப்பதைப் போல இராது; முழங்கால் வலி இருப்பவர்கள் யோசித்து வாருங்கள். அடர்நிற உடை, பழகிய செருப்பு, ஒரு பாட்டில் தண்ணீர். வாசனைத் திரவியம் வேண்டாம். கைபேசி பைக்குள் இருக்கட்டும். திரையின் ஒளியும் ஒளிதான், அதோடு ஒருமுறை அதைப் பார்த்தால் உங்கள் கண் மறுபடி இருட்டுக்குப் பழகப் பல நிமிடம் ஆகும். அரைமணி நேரம் விளக்கே இல்லாமல் நடந்தால் நட்சத்திர வெளிச்சத்திலேயே தடம் தெரியும்.

தடம் எப்படி இருக்கும்? டிராக்டர் சக்கரம் கடலிலிருந்து மேலே ஏறியது போல, இரண்டரை அடி அகலத்தில், இடது வலது துடுப்புக் குறிகள் மாறி மாறி விழுந்திருக்கும். ஏறிய தடம், இறங்கிய தடம் இரண்டும் இருந்தால் ஆமை போய்விட்டது. ஒன்று மட்டும் இருந்தால் அப்படியே நில்லுங்கள், அது மேலே இருக்கிறது. முன்னால் நடப்பவர் கையைக் காட்டும்வரை ஓர் அடிகூட வைக்க வேண்டாம். தோண்டும் நேரத்தில் சத்தமோ அசைவோ பட்டால் குழியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். முட்டை விழ ஆரம்பித்த பிறகு, பின்பக்கமாக, கொஞ்சம் தள்ளி, உட்கார்ந்து பார்க்கலாம். பிளாஷ் போடவே கூடாது. அதன் கண்ணிலிருந்து நீர் வழியும். உடம்பில் சேர்ந்த உப்பை அது அப்படித்தான் வெளியேற்றுகிறது, அழுகிறது என்று பதறிக் கிட்டே போக வேண்டாம்.

முதல் நடையில் உயிருள்ள ஆமையைப் பார்ப்போம் என்று எதிர்பார்க்காதீர்கள். செத்த ஆமையைத்தான் பார்க்க நேரும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். குழந்தைகளை அழைத்து வருபவர்கள் அவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

முட்டையும் குஞ்சும்

குழியைக் கண்டால் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டு போகிறார்களே, நாமும் எடுத்துக் கொடுத்தால் என்ன என்று பலருக்குத் தோன்றும். கூடாது. இட்டுச் சில மணி நேரத்தில் கரு முட்டையின் உள்தோலில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையைத் திருப்பினாலோ குலுக்கினாலோ கரு செத்துவிடும். பயிற்சி பெற்றவர்கள் அந்த நேரத்துக்குள், மெதுவாகத் துணிப்பையில் எடுத்துப் போய், அதே ஆழத்தில் அதே வடிவக் குழியில் வைக்கிறார்கள். குழி எங்கே என்று தெரிந்தால் அதன்மேல் நடக்காமல், மற்றவர்களையும் நடக்கவிடாமல், தகவல் மட்டும் சொல்லுங்கள். குழியின் மேல் குச்சியைக் குத்தி அடையாளம் வைக்காதீர்கள், முட்டை உடையும். பக்கத்தில் ஒரு செங்கலை வைத்துவிட்டு நில்லுங்கள்.

குஞ்சுகள் சாலைப் பக்கம் வருவதைக் கண்டால் மட்டும் தாமதிக்க முடியாது. முதலில் அருகில் உள்ள விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். ஒரு வாளியில் ஈர மணல் போட்டு, குஞ்சுகளைப் பக்கவாட்டில் பிடித்து அதில் வையுங்கள். வாளியில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மிக முக்கியம் இது. பிறக்கும்போது மஞ்சள்கருவின் மிச்சம் குஞ்சின் வயிற்றில் இருக்கும். ஓய்வில்லாமல் நீந்தி ஆழ்கடலுக்குப் போய்ச்சேர அந்தச் சக்திதான் கட்டுச்சோறு. தொட்டித் தண்ணீரில் விட்டால் அங்கேயே நீந்தி அதைத் தீர்த்துவிடும். வாளியை ஈரத்துணியால் மூடி இருட்டாக வைத்து, வனத்துறைக்கோ தன்னார்வலருக்கோ அழையுங்கள். கரையின் இருட்டான பகுதியில், அலைக்குச் சில அடி முன்னால் மணலில் விட்டு, அவை தாமாக நடந்து இறங்கும்படி செய்வார்கள். கையால் கடலில் எறிவது தவறு.

இதனால்தான், காசு வாங்கிக்கொண்டு குஞ்சைத் தொட்டியில் காட்டும் இடங்களுக்குப் போகாதீர்கள் என்கிறேன். இலங்கையின் கொஸ்கொட பக்கம் சுற்றுலா போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொரித்த அன்றைக்கே குஞ்சுகளைக் கடலுக்கு விடுகிறார்களா, தொட்டியில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு நுழையுங்கள்.

உயிரோடு ஒதுங்கினால், செத்து ஒதுங்கினால்

உயிரோடு கரையில் கிடக்கும் பெரிய ஆமையைப் பார்த்தவுடன் கடலுக்குள் தள்ளத் தோன்றும். முட்டையிட வராமல் பகலில் ஒதுங்கிக் கிடக்கும் ஆமைக்குப் பெரும்பாலும் அடியோ நோயோ களைப்போ இருக்கும். தள்ளினால் மூழ்கிச் சாகும். நிழல் கொடுங்கள். ஓட்டின்மேல் ஈரத்துணி போடுங்கள், மூக்கை மூடாமல். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மல்லாக்கப் போடாதீர்கள். கூட்டத்தை விலக்குங்கள். வலை சுற்றியிருந்தால் வெளியே இருப்பதை மட்டும் வெட்டலாம். வாய்க்குள் போகும் நைலான் நரம்பையோ தூண்டில் கயிற்றையோ இழுக்கவே கூடாது, குடலைக் கிழித்துவிடும்.

ஓங்கில், திமிங்கிலம் என்றாலும் இதே கதைதான். 2016 ஜனவரியில் திருச்செந்தூர் அருகே எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கரையேறின. மீனவர்கள் பெரும்பாடு பட்டு அவற்றைக் கடலுக்குள் இழுத்து விட்டார்கள்; பல மீண்டும் கரைக்கே வந்து செத்தன. அப்படி ஏதும் கண்டால் வாலையோ துடுப்பையோ பிடித்து இழுக்காதீர்கள். வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்தி, தோலை ஈரமாக வைத்து, தலைமேல் இருக்கும் மூச்சுத் துளையில் தண்ணீரோ மணலோ போகாமல் காத்து நில்லுங்கள்.

செத்த ஆமையைத் தொட வேண்டாம். ஆனால் கடந்து போய்விடவும் வேண்டாம். இடத்தைக் கைபேசி வரைபடத்தில் குறியுங்கள். மேலிருந்து ஒரு படம், தலையருகே ஒன்று, துடுப்புகளை ஒன்று. அளவு தெரிய ஒரு செருப்பைப் பக்கத்தில் வையுங்கள். துடுப்பில் உலோக வில்லை இருந்தால் அதன் எண் தெரியும்படி எடுங்கள். அந்த எண்ணை வைத்து அந்த ஆமைக்கு எங்கே அடையாளம் போட்டார்கள் என்று கண்டுபிடிக்கலாம். ஓட்டில் பெயிண்ட் குறி இருந்தால் யாரோ ஏற்கெனவே கணக்கில் எடுத்துவிட்டார்கள் என்று பொருள். தகவலை வனத்துறைக்கு அனுப்புங்கள். சென்னையில் கிண்டியில் வனஉயிரினக் காப்பாளர் அலுவலகம் இருக்கிறது. அதன் தொலைபேசி எண்ணை இன்றைக்கே தேடிக் கைபேசியில் சேமித்துவிடுங்கள். எந்தத் தேதியில் எந்தக் கரையில் எத்தனை ஒதுங்கின என்ற கணக்கு சேர்ந்தால்தான் எந்தப் பகுதிக் கடலில் ரோந்து வேண்டும் என்று கேட்க முடியும்.

வலையும் மீன் சந்தையும்

ஆமைக்கு நுரையீரல்தான் இருக்கிறது. மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். மணிக்கணக்கில் அடியில் இழுபடும் இழுவை மடியில் (விசைப்படகு இழுத்துப் போகும் பை போன்ற வலை) சிக்கினால் அதற்கு வழியில்லை. விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் இழுக்கக் கூடாது என்பது தமிழக விதி. முட்டையிட வரும் ஆமைகள் திரிவதும் அந்தக் கரையோரக் கடலில்தான். மடியின் கழுத்தில் கம்பிச் சட்டம் வைத்து, ஆமை மட்டும் வெளியேற ஒரு வாய் விடும் கருவி உண்டு. டெட் (ஆமை விலக்குக் கருவி) என்பார்கள். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கு ஏற்ப அதை வடிவமைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தவில்லை என்பதால்தான் இந்தியாவின் கடல் இறாலுக்கு அமெரிக்கா தடை போட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மீனவர் என்றாலே ஆமையைக் கொல்பவர் என்று பேசாதீர்கள். நாட்டுப்படகில் போகும் ஒருவர் ஆமையை விடுவிக்கத் தன் வலையை அறுத்தால் அன்றைய வருமானமும் வலையும் போகிறது. பலர் அப்படி அறுத்து விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் நடக்கும் மணல் அவர்கள் வீட்டு வாசல். குப்பத்து வழியாகப் போகும்போது, "அண்ணா, ஆமை நடைக்கு வந்திருக்கோம், இப்படிப் போகலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். காற்றும் நீரோட்டமும் எப்படி, எந்தப் பக்கம் இழுவைப் படகு வந்தது, ஆமை எங்கே மிதந்தது என்று அவர்களுக்குத் தெரிவது யாருக்கும் தெரியாது. வலையில் வந்த ஆமை அசையாமல் இருந்தாலும் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம் என்ற செய்தியை நீங்கள் அவர்களிடம் பகிரலாம். மூச்சடைத்து மயங்கியிருக்கலாம். வயிறு கீழே இருக்க, பின்பக்கத்தை அரை அடி உயர்த்தி, நிழலில் ஈரமாகச் சில மணி நேரம் வைத்தால் பல தேறி எழும். கடற்பசுவை வலையிலிருந்து விடுவிக்கும் மீனவருக்கு அரசு ஊக்கத்தொகை தருகிறது. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாகவும் அறிவித்தார்கள். ஆமைக்கும் அப்படி ஒரு தொகை வேண்டும் என்று கேட்பது நம் பொறுப்பு.

மீன் வாங்கும்போது விற்கும் அம்மாவிடம் "இது எந்தப் படகு மீன், எந்த வலை?" என்று கேளுங்கள். தூண்டில் மீனும் நாட்டுப்படகு மீனும் கிடைத்தால் அவற்றை வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகு மீனுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. குட்டிச் சுறாவை வாங்க வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு என்பது நம் வீடுகளில் ஊறிய வழக்கம், எனக்கும் தெரியும். ஆனால் சுறா மெதுவாக வளர்ந்து கொஞ்சமாகக் குட்டி போடும் மீன், அது குறைந்தால் ஏறுவதற்கு வெகுகாலம் ஆகும். முட்டை ஒட்டியிருக்கும் சினை நண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

குப்பை அள்ளப் போகிறவர்களுக்கு

கடற்கரைத் துப்புரவு நல்ல வேலை. ஆனால் பருவத்தில் விடிந்ததும் முதல் ஆளாக மணலில் இறங்காதீர்கள். ஆமைத் தடத்தைப் பார்ப்பவர்கள் பார்த்து முடிக்கட்டும், இல்லையென்றால் உங்கள் கால் தடமே குழியை மறைத்துவிடும். வாரியும் டிராக்டரும் வேண்டவே வேண்டாம், கையால் பொறுக்குங்கள். அடப்பங்கொடியையும் இராவணன் மீசையையும் களை என்று பிடுங்காதீர்கள். மணலைப் பிடித்து நிறுத்துவது அவைதான். அறுந்த நரம்பு வலைத் துண்டு கிடைத்தால் முதலில் அதை எடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலைவிட அது பல மடங்கு ஆபத்து, கடலுக்குள் போனால் பிடிப்பார் இல்லாமலே பிடித்துக்கொண்டிருக்கும். நாய்க்குச் சோறு வைப்பவர்கள் மணலில் வைக்காமல் சாலையின் அந்தப் பக்கம் வையுங்கள். சோறு இருக்கும் இடத்தில் நாய் கூடும், கூடிய நாய் முட்டையைத் தோண்டும்.

கரைக்கு வரும் குப்பையில் பெரும்பங்கு கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் வழியாக வடகிழக்குப் பருவமழையில் இறங்குவது. உங்கள் தெரு மழைநீர் வடிகாலில் ஐப்பசிக்கு முன் குப்பை எடுத்தார்களா என்று பார்ப்பதும், எடுக்காவிட்டால் கேட்பதும் கடலுக்கான வேலைதான், நீங்கள் கடலிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும்.

எழுதிக் கேட்பது

ஆமை முட்டையிடும் இடங்கள் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் சி.ஆர்.இசட். 1ஏ என்ற உச்சப் பாதுகாப்பு வகையில் வருகின்றன. கரையில் சுவரோ கல் கொட்டலோ விடுதியோ வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், அந்த இடம் வரைபடத்தில் ஆமைக் கரையாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் போங்கள், பேசத் தயக்கமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். ஆமை பாவம் என்று எழுதினால் கோப்பில் நிற்காது. இந்தக் கரையில், இந்த இடத்தில், இந்தத் தேதிகளில் ஆமை ஏறியது, குழி இருந்தது என்று படத்தோடு எழுதுங்கள். இரவு நடைகளில் குறித்து வைத்தது அப்போது பயன்படும். கொடுத்த மனுவுக்கு முத்திரையும் எண்ணும் இட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை போகும்போது அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.